காலுக்கு மூன்று கை

மாரி பிறந்து கடல் மூடிய பதினோராம் நாள்
எஞ்சினின் காலைக் கழற்றி
வீட்டுக்குள் கொண்டு வந்தார்.
மழைக்கு ஒதுங்கின ஆளைப் போல
ஹோலின் நடுவே சாக்கின் மேல் நின்றது அது.
கரிய எண்ணெய் சொட்டுச் சொட்டாய்
ஒரு தேத்தண்ணிக் கோப்பையில்.
"அது ஆர்ர கோப்பை?" என்றேன்.
பதில் இல்லை.

நாப்பது குதிரை என்றுதான் வாங்கினார்.
கால் என்னவோ ஒன்றுதான்.

இந்த வீட்டுக்கு வயது பதினேழு.
சுவர் இன்னும் கல்லுக் கல்லாய்த் தெரிகிறது.
"இந்த வருசம் பூசுவம்" என்ற வாக்கு மட்டும்
பெருநாளைக்குப் பெருநாள்
அதன் மேல் பூசப்படும்.
காலுக்கோ மூன்று கை அடிக்க வேணுமாம்.
மஞ்சள் பிரைமர் ஒரு கை,
அது காய்ந்த பிறகு சாம்பல் இரண்டு.
அக்கரைப்பத்துக் கடை ரசீதை
நாலாய் மடித்துச் சட்டைப்பையின் அடியில் வைத்திருந்தார்.
கழுவப் போட்ட சட்டையில் எடுத்து வாசித்தேன்.
அதே மடிப்பில் திரும்ப வைத்தேன்.

மூன்று நாள் உரைஞ்சினார்.
பழைய பெயின்ட் கொப்பளித்த இடமெல்லாம்
வெள்ளைப் பொடி, அதன் கீழே அம்மைத் தழும்புக் குழிகள்.
நானூறாம் நம்பர்த் தாளைத்
தண்ணியில் தொட்டுத் தொட்டு,
விழுந்து வந்த பிள்ளையின் முழங்காலைக் கழுவுவது போல.
அந்த மெதுவைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
எனக்குச் சொல்ல ஒரு சொல் வந்தது.
சோறு அடிப்பிடிக்கிற மணமும் வந்தது.
சோற்றிடம் போனேன்.

தின்னர் நாற்றத்தில் ஹிமாயாவுக்குத் தலையிடி.
கணக்குக் கொப்பியோடு மாமி வீட்டுக்குப் போய்விட்டாள்.
"ஃபேனைப் போட்டுறாத, தூசி ஒட்டும்."
வேர்த்தபடி இருந்தோம்.

டேப் ஒட்ட அவர் விரல் தோதில்லை,
வலை இழுத்துத் தடித்த விரல்.
"நீ வெட்டு" என்று பிளேட்டைத் தந்தார்.
தண்ணி உறிஞ்சும் சல்லடைக்கு நீளத் துண்டு.
விசிறித் தண்டுக்கு வட்டமாய்.
பிறகு, அடியில் கிடந்த அந்தச் சாம்பல் கட்டிக்கு.
"சிங்க் கட்டி. இதுல ஒரு பொட்டும் படப்படாது."
"என்னத்துக்கு?"
"உப்பு முதல்ல இதத்தான் தின்னணும்.
இத மூடினா எஞ்சினத் தின்னும்."
நான் சுவரைப் பார்த்தேன்.
"அப்ப எங்கட வீடு ஆருக்குச் சிங்க்?"
அவர் சிரிக்கவில்லை.
கொஞ்சம் கழித்து, மூக்கைச் சுருக்கிக்கொண்டு,
சிரித்தார்.

இரண்டாம் சாம்பல் அடித்த இரவு மழை விட்டது.
எங்கிருந்தோ ஈசல்.
ஈரப் பெயின்டில் விழுந்து விழுந்து
சிறகை மட்டும் விட்டுவிட்டு ஊர்ந்து போயின.
காலையில் எண்ணினேன், இருபத்தி மூன்று சிறகு.
அவர் எண்ணவில்லை.
தாளை எடுத்து மறுபடி உரைஞ்சத் தொடங்கினார்.

அடுத்த இரவு
மக்ரிபுக்கு முன்பே அடித்து முடித்து
வீட்டு விளக்கெல்லாம் அணைத்தோம்.
இருட்டில் கதவோரம் குந்தியிருந்தோம்
நானும் அவரும் ஒரு எஞ்சினின் காலும்.
பக்கத்து வீட்டு பௌமியா வேலிக்கு மேலால்
"கரண்ட் கட் உங்களுக்கு மட்டுமா?" என்றாள்.
"ஓம்" என்றார் இவர்.
எத்தனை வருசத்துக்குப் பிறகோ
ஒன்றுமே பேசாமல்
பத்து மணி வரைக்கும் இருந்தோம்.

தை பாதியில் கடல் திறந்தது.
முதல் நாள் போய் வந்த மத்தியானம்
மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
சாரனில் கையைத் துடைத்தபடி நின்றார்.
ஒலுவில் துறைமுக வாயில் மணல் திட்டு
காலை ஒரு முழத்துக்கு
மஞ்சள் வரைக்கும் வழித்துவிட்டதாம்.

"அந்தச் சாம்பல் மிச்சம் கிடக்கா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
நாலு பக்கச் சட்டமும் கம்பியும்,
எண்ணி இரண்டு கை,
ஒரு ஈசலும் ஒட்டாமல்.